விகுதி உணர்த்தும் பொருள்: நுண்கட்டுப்படுத்திச் சில்லுகளின் பெயரீற்றெழுத்துகள் பற்றிய ஒரு விளக்கம்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் மின்னணுச் சில்லுகளின் பாக இலக்கங்கள் பற்றிய கட்டுரை இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சொல்லாராய்ச்சி என்றதும் பழைய ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நோக்கியே நமது கவனம் செல்கின்றது. எனினும், இன்றைய உற்பத்தி வாழ்வில் உழைப்பாளர் நாள்தோறும் வாசிக்கவேண்டியுள்ள சொற்களும் உள. அவற்றைப் பிழைபட வாசிப்பதால் அவர்களுக்கு நேரும் இழப்பு ஏட்டுச் சொல்லைப் பிழைபட வாசிப்பதால் நமக்கு நேரும் இழப்பினும் பெரிது. அத்தகைய சொற்களுள் ஒருவகையே நுண்கட்டுப்படுத்தி, அஃதாவது மைக்ரோகொன்ட்ரோலர், எனப்படும் சில்லின் பெயராகும். செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வாயில்கள் ஆகிய மூன்றையும் ஒரே சிலிக்கன் துண்டில் அடக்கிய இச்சில்லு சலவை இயந்திரம் முதல் மீன்பிடிப் படகின் கருவிகள் வரை எங்கும் இடம்பெற்றுள்ளது.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது திருகோணமலையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். உட்துறைமுக வீதியை அண்டி மின்னணுக் கருவிகளைத் திருத்தும் சிறு கடையொன்றை நடத்திவரும் முதியவர் ஒருவர், கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பலநாட் படகுகளுக்கெனச் சிறு கருவியொன்றைச் செய்து கொடுத்துவந்தார். படகின் அடித்தட்டிற் சேரும் நீரின் மட்டத்தை உணர்ந்து, பம்பியை இயக்கி, ஒலியெழுப்பி எச்சரிப்பது அதன் பணி. இரவில் ஆழ்கடலில் உறங்கும் தொழிலாளரின் உயிர் அதன் செம்மையில் ஓரளவு தங்கியிருந்தது. அக்கருவிக்கு வேண்டிய சில்லுகள் பத்தினை அவர் தருவித்தபோது, வேண்டுகைத்தாளில் 'ஏரிமெகா328' என்று மட்டும் எழுதினார். வந்தவை பலகையிலுள்ள தாங்கியிற் சரியாகவே பொருந்தின. ஆயின் நிரலை ஏற்றும் மென்பொருள் அவற்றை ஏற்க மறுத்தது. மறுமுறை 'ஏரிமெகா328பி' என எழுதினார். இம்முறை வந்த சில்லுகள் சிறுவிரல் நகத்தின் அளவினவாய், நாற்புறமும் மயிரிழை போன்ற கால்களுடன் இருந்தன; அவை தாங்கியிற் பொருந்தவேயில்லை. மீன்பிடிப் பருவத்தின் இரு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. "தம்பி, பேர் சரியாத்தானே எழுதினனான், பிறகேன் சாமான் பிழைச்சது?" என்று அவர் என்னிடம் கேட்டார். அவருடைய வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்துக்குமுன் ஒரு குறிப்பு. பாக இலக்கங்கள் உரோம எழுத்துகளால் ஆனவை. அவற்றை இங்கு தமிழ் ஒலிப்பெயராற் குறித்துள்ளோம். இக்கட்டுரையிற் பாக இலக்கங்களில் 'பி' என வருமிடமெல்லாம் உரோம நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தே கருதப்படுகின்றது.

1. பகுபதமாகப் பாக இலக்கம்

நன்னூலார் பதங்களைப் பகாப்பதம், பகுபதம் என இருவகைப்படுத்தி, பகுபத உறுப்புகளாகப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறினைக் கொள்வர். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்னும் மூன்று சொற்களிலும் வருதல் என்னும் தொழிலும் இறந்தகாலமும் பொதுவானவை. வந்தவர் யார் என்பதை உணர்த்துவது விகுதியே. திணை, பால், எண், இடம் என்பன அச்சிற்றுறுப்பிலேயே அடங்கியுள்ளன. விகுதியை விட்டுப் பகுதியை மட்டும் கூறினால், யாரை அழைத்தோம் என்பது அழைத்தவனுக்கே தெரியாது போகும். நமது திருத்துநருக்கு நேர்ந்ததும் இதுவே.

'ஏரிமெகா328பி-பியு' என்னும் பெயரை இம்முறையிற் பகுத்து நோக்குவோம். 'ஏரி' என்பது அட்மெல் என்னும் நிறுவனத்தைக் குறிக்கும் முன்னெழுத்து. 'மெகா' குடும்பப் பெயர். 328 என்பதன் முதலிரு இலக்கங்கள் நிரல் நினைவகம் 32 கிலோபைட்டு என்பதைக் காட்டுகின்றன. இவையனைத்தும் பகுதி எனத்தக்கவை. அடுத்துவரும் 'பி' மின்நுகர்வு குறைக்கப்பட்ட வகை என்பதைக் குறிக்கின்றது. இதனை இடைநிலை போன்றதெனலாம். இணைகோட்டின்பின் வரும் 'பி' வேறோர் எழுத்தாகவே கொள்ளத்தக்கது. சில்லு எவ்வகை உறையில் அடைக்கப்பட்டுள்ளது என்பதை அது கூறுகின்றது. இங்கு அவ்வுறை இருபுறமும் பதினான்கு பதினான்காக 28 கால்கள் கொண்ட, கால்களுக்கிடையே 2.54 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள, கையினாற் பொருத்தத்தக்க பிளாஸ்ரிக் உறையாகும். ஈற்றில் நிற்கும் 'யு' இரு செய்திகளை உணர்த்துகின்றது: சில்லின் கால்களில் ஈயம் இல்லை என்பது ஒன்று, அது −40 பாகை முதல் 85 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் இயங்கும் என்பது மற்றொன்று.

இனி, திருத்துநரின் இரு பிழைகளும் எளிதில் விளங்கும். முதன்முறை வந்தவை இடைநிலையாகிய 'பி' இல்லாத சில்லுகள். உறையும் கால்களும் ஒன்றாயினும், ஒவ்வொரு சில்லினுள்ளும் பதிக்கப்பட்டுள்ள மூன்று பைட்டு அடையாள எண்ணின் இறுதிப் பைட்டு இவ்விரு வகைக்கும் வேறுபடும். நிரலேற்றும் மென்பொருள் தான் எதிர்பார்த்த எண்ணைக் காணாமையால் நின்றுவிட்டது. மென்பொருளின் பட்டியலில் உரிய வகையைச் சேர்த்தால் அச்சில்லுகளைப் பயன்படுத்தலாம் என்பது பின்னரே தெரியவந்தது. இரண்டாம் முறை வந்தவை 'பியு' அல்ல, 'ஏயு'. 'ஏ' என்பது 32 கால்களை 0.8 மில்லிமீற்றர் இடைவெளியில் நாற்புறமும் கொண்ட தட்டையான உறையைக் குறிக்கும். அதே சில்லு 'எம்யு' என முடியுமாயின் வெளிநீட்டிய கால்களே இரா, அடிப்புறத்தில் 0.5 மில்லிமீற்றர் இடைவெளியில் உலோகத் திட்டுகள் மட்டும் இருக்கும். முதற்பிழையை அறிவாற் கடக்கலாம். இரண்டாம் பிழையைக் கடக்க வேறொரு பலகையே செய்யவேண்டும். எனவே, ஈற்றெழுத்துகள் அனைத்தும் ஒரே நிறையுடையவை அல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது.

பழைய சில்லுகளில் வேகமும் பெயரில் இடம்பெற்றது. 'ஏரிமெகா8-16பியு' என்பது 4.5 முதல் 5.5 வோல்ற்று வரையான மின்னழுத்தத்தில் 16 மெகாஹேட்ஸ் வரை இயங்குவது. 'ஏரிமெகா8எல்-8பியு' என்பதோ 2.7 வோல்ற்றிலும் இயங்கும். ஆயின் 8 மெகாஹேட்சுக்கு மேற் செல்லாது. மின்கலத்தால் இயங்கும் கருவிக்கு எது ஏற்றது என்பதை 'எல்' என்னும் ஓரெழுத்தே தீர்மானிக்கின்றது.

2. வெப்பநிலை எழுத்தின் வரலாறு

ஈற்றெழுத்துகளுள் வெப்பநிலையைக் குறிப்பவை தனியே ஆராயத்தக்கவை. ஏனெனில், அவற்றில் வரலாறு உறைந்துள்ளது. சில்லுத் தொழிலில் நான்கு வகைகள் பெரும்பாலும் வழக்கிலுள்ளன. 0 முதல் 70 பாகை வரை வணிகத் தரம். −40 முதல் 85 வரை கைத்தொழிற் தரம். −40 முதல் 125 வரை விரிவாக்கிய தரம். −55 முதல் 125 வரை படைத்துறைத் தரம்.

இவ்வகுப்பு இயற்கை விதியொன்றிலிருந்து பிறந்ததன்று. 1960களில் தொகுப்புச் சுற்றுகளின் முதற் பெருங் கொள்வனவாளர்களாக விளங்கியவை ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறையும் விண்வெளித் திட்டமுமே. மினிற்மேன் இரண்டாம் வகை ஏவுகணையின் வழிகாட்டுங் கருவியும் அப்பலோ விண்கலத்தின் கணினியும் அச்சுற்றுகளாலேயே அமைந்தன. ரெக்சஸ் இன்ஸ்ரூமென்ற்ஸ் நிறுவனம் தனது தர்க்கச் சுற்றுகளை 54 எனத் தொடங்கும் படைத்துறை வரிசையாகவும் 74 எனத் தொடங்கும் வணிக வரிசையாகவும் வெளியிட்டது. முன்னது −55 முதல் 125 வரை; பின்னது 0 முதல் 70 வரை. போருக்கென வகுக்கப்பட்ட அளவுகோலின் எஞ்சிய பகுதியே சந்தைக்குரிய தரமாயிற்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய திருகோணமலையின் மக்களுக்கு, படைத்துறையின் தேவை குடிமக்களின் வாழ்வை வகுத்துச் செல்வது புதிய செய்தியன்று.

0 முதல் 70 பாகை என்பது மூடிய அறையில், மேசைமீது இயங்கும் கருவியை மனத்திற் கொண்ட வகுப்பாகும். வைகாசி, ஆனி மாதங்களிற் கச்சான் காற்று வீசும்போது திருகோணமலையின் பகல்வெப்பம் 35 பாகையை அண்மிக்கின்றது. இயந்திரத்துக்கு அருகே, காற்றுப்புகாது அடைக்கப்பட்ட பெட்டிக்குள், வெயிலில் நிற்கும் படகிற் சில்லைச் சூழ்ந்த வெப்பம் இதனினும் பன்மடங்கு உயரக்கூடும். நமக்கு −40 பாகை ஒருபோதும் தேவைப்படாது. எனினும் 85 பாகை தேவைப்படலாம். இரண்டையும் ஒரே எழுத்தாற் கட்டிவைத்திருப்பதால், நமக்கு வேண்டாத குளிருக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றோம். மேலும் உயர்ந்த வெப்பம் வேண்டுவோர்க்கு 328பி வரிசையில் 'யு'வுக்குப் பதிலாக 'என்' என முடியும் சில்லுகள் உள. அவை 105 பாகை வரை இயங்குவன.

'யு' என்னும் எழுத்தின் மற்றைப் பொருளாகிய ஈயமின்மைக்கும் வரலாறுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயம் முதலியவற்றைக் கட்டுப்படுத்தி இயற்றிய பணிப்புரை 2006 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அட்மெல் சில்லுகள் 'சி' என முடிந்தால் வணிகத் தரம், 'ஐ' என முடிந்தாற் கைத்தொழிற் தரம் என்றிருந்தது. ஈயமற்ற கைத்தொழிற் தரத்துக்கு 'யு' புதிதாக வகுக்கப்பட்டது. பிரசல்சில் இயற்றப்பட்ட சட்டமொன்று உட்துறைமுக வீதியிலுள்ள கடையின் வேண்டுகைத்தாளில் ஓரெழுத்தை மாற்றியது எனலாம். பழைய விலைப்பட்டியலைக் கைக்கொண்டிருப்பவர் '16பிஐ' எனத் தேடி அச்சில்லு கிடைப்பதில்லை என முடிவுசெய்வாராயின், சில்லன்று, எழுத்தே மறைந்தது என்பதை அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

தரத்தைக் காட்டும் எழுத்து விலையையும் காட்டுகின்றது. ஆகவே அது மோசடிக்கும் இடமளிக்கின்றது. பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சில்லுகளின் முகப்பைத் தேய்த்து, உயர்ந்த தரத்துக்குரிய எழுத்துகளை மீளப் பொறித்து விற்பது உலகளாவிய வணிகமாகியுள்ளது. ஐக்கிய அமெரிக்க மேலவையின் ஆயுதப்படைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, படைத்துறை வழங்கல்களிலேயே ஏறத்தாழ 1,800 சந்தேகத்துக்குரிய சம்பவங்களையும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட போலிப் பாகங்களையும் சுட்டிக்காட்டியது. பெருவளம் படைத்த கொள்வனவாளருக்கே இந்நிலையெனின், பத்துச் சில்லு வாங்கும் சிறு தொழிலாளியின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

3. உறையும் உழைப்பும்

பகுதியும் விகுதியும் எவ்வெவ் உழைப்பின் பதிவுகள் என்னும் வினாவை இனி எழுப்புவோம். ஏவிஆர் எனப்படும் இக்கட்டமைப்பு 1990களில் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் அல்ஃப்-ஈகில் போகன், வேகார்ட் வொல்லான் என்னும் இரு மாணவரின் ஆய்விலிருந்து தோன்றியது. அமெரிக்க நிறுவனமாகிய அட்மெல் அதனை உற்பத்திசெய்தது. 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெல்லை வாங்கிக்கொண்டது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் தொடங்கிய ஆர்டுயினோ திட்டம் இச்சில்லுகளை உலகெங்கும் மாணவரிடையே பரப்பிற்று. பகுதியின் வரலாறு இவ்வாறு பெயர்களோடும் ஆண்டுகளோடும் எழுதப்பட்டுள்ளது.

விகுதியின் வரலாறு அத்தகையதன்று. சிலிக்கன் தட்டை அறுத்துத் துண்டாக்குதல், அத்துண்டைச் சட்டத்தில் ஒட்டுதல், மயிரினும் மெல்லிய கம்பிகளாற் கால்களோடு இணைத்தல், பிளாஸ்ரிக்கில் வார்த்தல், வெப்பத்திலும் குளிரிலும் சோதித்தல், தரம் பிரித்தல், தட்டிலோ சுருளிலோ அடுக்குதல் ஆகிய பிற்கட்டப் பணிகளின் விளைவுகளையே ஈற்றெழுத்துகள் பதிவுசெய்கின்றன. இப்பணிகள் குறைந்த கூலியை நாடி ஆசியாவுக்கு நகர்ந்தன. ஃபெயார்சைல்ட் நிறுவனம் 1960களின் முற்பகுதியில் ஹொங்கொங்கில் இணைப்பாலையொன்றை நிறுவியது. இன்ரெல் 1972இல் மலேசியாவின் பினாங்கில் தொடங்கியது. நுண்காட்டியின்கீழ் நாள்முழுவதும் கண்பதித்துக் கம்பியிணைத்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். வடிவமைத்தவரின் பெயர் நூல்களில் நிற்கின்றது. இணைத்தவரின் உழைப்போ 'பி', 'ஏ', 'எம்' என்னும் எழுத்துகளுள் மறைந்துள்ளது. பண்டத்தின் பெயரில் ஈற்றெழுத்துகள் பொருளற்ற ஒட்டுகளாகத் தோன்றுவதற்கும், அவ்வுழைப்பு சமூகத்தின் கண்ணுக்குப் புலப்படாதிருப்பதற்கும் தொடர்புண்டு என்பதே எமது கருத்து.

இலங்கையும் இவ்வரலாற்றின் வாயில்வரை சென்று திரும்பியது. 1978இற் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டபின், 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹாரிஸ் ஆகிய அமெரிக்கச் சில்லு நிறுவனங்கள் இணைப்பாலைகளை அமைக்கத் திட்டமிட்டன. 1983இன் தமிழர்மீதான வன்செயல்களையும் அவற்றைத் தொடர்ந்த போரையும் அடுத்து அத்திட்டங்கள் கைவிடப்பட்டன. அவ்வாலைகள் வந்திருப்பின் தொழிலாளர் சுரண்டப்பட்டிரார் என்று கூற நாம் முன்வரவில்லை. பினாங்கின் அனுபவம் அதற்கு இடந்தராது. ஆயின், உறைகளையும் தரங்களையும் கையாலறிந்த தொழிலாளர் தலைமுறையொன்று இந்நாட்டில் உருவாகியிருக்கும். பேரினவாத வன்முறை உயிர்களையும் உடைமைகளையும் அழித்ததோடு இவ்வறிவு தோன்றுவதற்கான வாய்ப்பையும் அழித்தது.

உறையெழுத்து உற்பத்தியின் அளவையும் உணர்த்துகின்றது. இருவரிசைக் காலுறை கைக்குரியது, தட்டையுறை இயந்திரத்துக்குரியது. 'ஏயு' என்பதன்பின் 'ஆர்' சேர்ந்து 'ஏயுஆர்' எனின், சில்லுகள் நாடாவிற் பதித்துச் சுருளாக, ஆயிரக்கணக்கில் வரும்; பலகையிற் பொருத்தும் தானியங்கி இயந்திரத்துக்கு ஊட்டுவதற்கானது அது. சில்லின் பண்பில் எவ்வேறுபாடும் இல்லை; வாங்குவோன் எத்தகையவன் என்பதே அங்கு வேறுபாடு. நமது இலக்கணத்தில் விகுதி எழுவாயின் எண்ணைக் காட்டும். இங்கோ அது கொள்வனவாளனின் மூலதன அளவைக் காட்டுகின்றது.

தட்டையுறைகள் பலவற்றுக்கு ஈரத்தன்மை பற்றிய வரையறையும் உண்டு. மூன்றாம் ஈர உணர்வு மட்டத்தைச் சேர்ந்த சில்லின் அடைப்பைத் திறந்தபின், 168 மணித்தியாலத்துள் அதனைப் பலகையிற் பொருத்திச் சூட்டுலையிற் செலுத்த வேண்டும். தவறின், உறையினுட் புகுந்த ஈரம் ஆவியாகி அதனைப் பிளக்கக்கூடும். அக்கணக்கு 30 பாகைக்கும் 60 சதவீத ஈரப்பதனுக்கும் மேற்படாத அறைக்கு உரியது. குளிரூட்டியற்ற கடற்கரைக் கடையொன்றில் அந்நிபந்தனை ஆண்டின் பெரும்பகுதியில் நிறைவேறாது. எழுதப்பட்ட 168 மணித்தியாலம் அங்கு செல்லுபடியாகாது என்பதை உணர்ந்து, அடைப்பை வேலைக்குச் சற்றுமுன்னரே திறத்தல் வேண்டும்.

4. பொதுமொழியும் தனிமொழியும்

ஒரு மொழியில் விகுதிகள் அம்மொழி பேசும் மக்களின் பொதுவுடைமை. 'ஆன்' விகுதி ஒருவீட்டில் ஆண்பாலையும் அடுத்த வீட்டிற் பெண்பாலையும் குறிப்பதில்லை. சில்லுகளின் உலகிலோ ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி இலக்கணம் வகுத்துள்ளது. சில எடுத்துக்காட்டுகளை நோக்குக.

'சி' என்னும் எழுத்து பழைய அட்மெல் சில்லுகளில் 0 முதல் 70 பாகை வரையான வணிகத் தரத்தைக் குறித்தது. மோட்டரோலாவின் 68எச்சி11 வரிசையில் அதே எழுத்து −40 முதல் 85 வரையான வீச்சைக் குறித்தது. ஒன்றிற் கீழ்த்தரமாக இருப்பது மற்றொன்றில் மேம்பட்ட தரமாகின்றது. எஸ்ரி நிறுவனத்தின் 'எஸ்ரிஎம்32எஃப்103சி8ரி6' என்னும் பெயரிலோ 'சி' என்பது 48 கால்களையும், '8' என்பது 64 கிலோபைட்டு நினைவகத்தையும், 'ரி' என்பது தட்டையான நாற்புறக் காலுறையையும், '6' என்பது −40 முதல் 85 பாகையையும் குறிக்கின்றன. ஈற்றில் '7' நிற்பின் 105 பாகை. அதே நிறுவனத்தின் 'எஃப்103ஆர்சிரி6' என்னும் பெயரில் 'ஆர்' 64 கால்களைக் குறிக்க, 'சி' ஓரிடம் தள்ளிநின்று 256 கிலோபைட்டு நினைவகத்தை உணர்த்துகின்றது. ஆகவே, எழுத்தின் பொருளை நிறுவனமும் எழுத்து நிற்குமிடமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

மைக்ரோசிப் நிறுவனத்தின் 'பிக்16எஃப்877ஏரி-ஐ/பிரி' என்னும் பெயர் இன்னும் பொருத்தமான சான்றாகும். இதில் 'ரி' இருமுறை வருகின்றது. இணைகோட்டின்முன் நிற்கும் 'ரி' நாடாச் சுருளைக் குறிக்க, ஈற்றில் 'பி'யோடு சேர்ந்த 'ரி' தட்டையுறையைக் குறிக்கின்றது. 'பிரி' என்னுமிடத்தில் 'பி' மட்டும் நிற்பின் கையாற் பொருத்தத்தக்க இருவரிசைக் காலுறை. இடையே நிற்கும் 'ஐ' கைத்தொழிற் தரம்; 'ஈ' எனின் 125 பாகை வரையான விரிவாக்கிய தரம்.

இப்பன்மை தவிர்க்கமுடியாத ஒன்றன்று. திரான்சிஸ்ரர்களுக்குப் பொதுப் பெயரிடுமுறை நிலவியது. அமெரிக்காவில் ஜெடெக் அமைப்பு பதிவுசெய்த '2என்3055' என்னும் பெயரை எந்த ஆலையும் தன் உற்பத்திக்கு இடலாம். பெயரை அறிந்தவர் எவரிடமும் வாங்கலாம். ஐரோப்பாவில் 1966இல் நிறுவப்பட்ட புரோ எலெக்ட்ரோன் அமைப்பும் அத்தகையதொரு முறையை வகுத்தது. நுண்கட்டுப்படுத்தியோ தனியொரு நிறுவனத்தின் காப்புரிமைச் சொத்தாகத் தோன்றியது. சொத்து தனியாரதாகவே அதன் மொழியும் தனியாரதாயிற்று. உறைகளின் உருவளவை ஜெடெக் பொதுமைப்படுத்தியபோதிலும், அவ்வுருவைக் குறிக்கும் எழுத்து இன்றும் பொதுமையாகவில்லை. ஒரே உறையை ஒருவர் 'ஏ' என்பர். மற்றொருவர் 'பிரி' என்பர். வேறொருவர் 'ரி' என்பர். உற்பத்தி உலகளாவிய சமூகத் தன்மையை எய்தியிருக்க, அதன் பெயரீடு தனியுடைமையின் எல்லைக்குள் நிற்பது இம்முரணின் ஒரு சிறு வெளிப்பாடாகும்.

5. வாங்குவோர் மனங்கொள்ள வேண்டியவை

இவ்விளக்கம் நடைமுறைக்குப் பயன்படுமாறு சிலவற்றைத் தொகுத்துக் கூறுவது பொருந்தும்.

முதலாவதாக, ஒவ்வொரு சில்லுக்கும் அதன் உற்பத்தியாளர் தரவேடு ஒன்றை வெளியிடுகின்றனர். அதன் இறுதிப் பக்கங்களில் வேண்டுகைத் தகவல் என்னும் அட்டவணையில் முழுப் பாக இலக்கங்களும் அவற்றின் பொருளும் தரப்பட்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் அட்டவணையை மற்றொன்றின் சில்லுக்குப் பொருத்தி வாசித்தல் தவறு.

இரண்டாவதாக, ஈற்றெழுத்துகளை மாற்றக்கூடியவை, கூடாதவை என இருவகைப்படுத்தல் வேண்டும். தட்டு, சுருள் என்பன போன்ற பொதிமுறை எழுத்துகள் எதுவாயினும் சில்லு ஒன்றே. கூடிய வெப்பத் தரமுடையதைக் குறைந்த தரமுடையதன் இடத்திற் பயன்படுத்தலாம். மறுதலையாகப் பயன்படுத்தல் ஆகாது. உறையெழுத்தோ ஒருபோதும் மாறக்கூடாது. 2020க்கும் 2022க்கும் இடையே உலகளாவிய சில்லுத் தட்டுப்பாடு நிலவியபோது, குறித்த ஈற்றெழுத்துச் சில்லு கிடையாமையாற் பலகைகளையே மாற்றி வடிவமைத்த நிறுவனங்கள் உள. மாற்றக்கூடியது எது என அறிந்தவருக்கே அக்காலத்தில் மாற்றுவழி இருந்தது.

மூன்றாவதாக, கையிற் கிடைத்த சில்லின் முகப்பை வாசித்தல் வேண்டும். பெயரோடு பெரும்பாலும் நான்கிலக்கத் திகதிக் குறியொன்றும் இருக்கும். '2314' எனின் 2023ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். பெயரிலுள்ள தரமும் திகதியும் ஒன்றோடொன்று முரணுமாயின் ஐயுறுதல் தகும். ஈயமற்ற தரத்தைக் காட்டும் எழுத்தோடு, அவ்வெழுத்து வழக்குக்கு வருமுன்னரான திகதி காணப்படுவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நான்காவதாக, கருவியைச் செய்பவர் அதன் பெட்டியின் உட்புறத்தில் முழுப் பாக இலக்கத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். பின்னொருநாள் அதனைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

இவை அற்பமான செய்திகள் எனத் தோன்றலாம். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்குமிடையே அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்ததை நினைவுகூர்க. சில்லின் விலையினும் அதனைத் தருவிக்கும் செலவு பெரிதாக இருக்கும் நாட்டில், ஒரு பிழையெழுத்து சிறு கடையொன்றின் வாரக்கணக்கான வருவாயை விழுங்கவல்லது. பெருநிறுவனத்திற் கொள்வனவுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அங்கு நேரும் பிழை கணக்கேட்டில் ஒரு வரியாக அடங்கிவிடும். சிறு தொழிலாளிக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை.

முடிவுரை

ஈற்றெழுத்துகளை வாசிக்கும் ஆற்றல் பிறவித் திறமையன்று, ஆங்கிலப் புலமையுமன்று. 'பியு', 'ஏயு' என்பன எந்த ஆங்கில அகராதியிலும் காணப்படாதவை. ஆங்கிலம் வல்லவரும் அவற்றைக் கற்றே அறிதல் வேண்டும். பதத்தைப் பகுத்து, உறுப்பு நிற்குமிடம் நோக்கிப் பொருள்கொள்ளும் பயிற்சி நம் மாணவர்க்குப் பள்ளிப் பருவத்திலேயே இலக்கண வகுப்பிற் கிடைக்கின்றது. அப்பயிற்சி தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதும், தொழிற்கூடத்தில் அதே மாணவர் எழுத்துகளின்முன் திகைத்து நிற்பதும் நமது கல்வியின் பிளவைக் காட்டுகின்றன. தமிழ்த் துறைகளும் பிரயோக விஞ்ஞானத் துறைகளும் இணைந்து, பெருவழக்கிலுள்ள சில்லு வரிசைகளுக்கேனும் எளிய தமிழ் விளக்கத்தாள்களை ஆக்குதல் அரிய பணியன்று. சொற்களஞ்சியம் தொகுப்பதோடு அறிவியற்றமிழ் நிறைவெய்தாது. உழைப்பவரின் கையில் அது பயன்பட வேண்டும்.

மேற்குறித்த திருத்துநர் இப்போது தம் கடைச் சுவரில் ஒரு தாளை ஒட்டியுள்ளார். அதில் அவர் வாங்கும் ஆறு சில்லுகளின் முழுப் பெயர்களும், ஒவ்வோர் எழுத்தின்கீழும் அதன் பொருளும் தமிழில் எழுதப்பட்டுள்ளன. தாங்கியிற் பொருந்தாத பத்துச் சில்லுகளையும் அவர் எறிந்துவிடவில்லை. அவற்றுக்கேற்ற பலகையொன்றைத் தம்மிடம் தொழில் பயிலும் இளைஞரைக் கொண்டு வரையச்செய்து வருகின்றார்.